காட்சிக்கு ஒரு கொட்டகை

லேவி பவுமனின் மாட்டுக் கொட்டகை இடி விழுந்து சாம்பலானது அறுப்புக் காலத்தில். இப்போது மரங்களெல்லாம் இலை உதிர்த்துவிட்டன. கனடாவின் ஒண்டாரியோ குளிர் வாசலில் நிற்கிறது. அவன் மாடுகளோ இன்னும் திறந்த வெளியில் கிடக்கின்றன. சபையில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், சுத்தியலைத் தூக்கிக்கொண்டு போகவில்லையே! செலிண்டாவுக்கு வயிறு எரிந்தது.

லேவி யாருக்கும் சொல்லாமல் இன்சூரன்ஸ் எடுத்திருந்தான். அதுதான் குற்றம். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் எல்லோரும் சேர்ந்து கட்டிக்கொடுப்பதுதான் மென்னோனைட் கிறிஸ்தவர்களின் வழக்கம். இன்சூரன்ஸ் எடுத்தவன் சகோதரர்களை நம்பாதவன். "கம்பெனிக்காரன் வந்து கட்டட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனியோ ஏதோ விதியைக் காட்டிக் கையை விரித்துவிட்டது.

இந்த லட்சணத்தில் விழா வேறு. முன்னோர்கள் இந்த மண்ணுக்கு வந்து இருநூறு வருஷமாம். டவுன்காரர்கள் பார்க்க, ஒரே நாளில் கொட்டகை எழுப்பிக் காட்டப்போகிறார்கள். தலைமைத் தச்சர் செலிண்டாவின் கணவர் ஏமோஸ். அறுத்துச் செதுக்கிய உத்தரங்கள் அவள் வீட்டு முற்றத்திலேயே அடுக்கப்பட்டிருந்தன.

"வேடிக்கை பார்க்க ஒரு கொட்டகை, மாடு நிக்க ஒண்ணுமில்ல. ரொம்ப நல்லாருக்குங்க உங்க நியாயம்!"

"சபை எடுத்த முடிவு. நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

சும்மாதான் இருந்தாள். விழாவுக்கு ரொட்டிகூடச் சுட்டாள்.

ஏசுவின் நினைவாக ரொட்டியும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கு முந்தைய ஞாயிறு. அன்று பிஷப் இர்வின் வரிசை வரிசையாக வந்து, ஒவ்வொருவரிடமும் சமாதானமாக இருக்கிறீர்களா என்று கேட்பார். ஒருவர் இல்லையென்றாலும் திருவிருந்து நின்றுபோகும். அப்படி யாரும் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை.

பெண்கள் பக்கம் வந்தார். செலிண்டாவுக்குப் பக்கத்தில் லேவியின் மனைவி வேரா. தலை குனிந்தபடி, "ஆமா" என்றாள் வேரா. செலிண்டாவால் பொறுக்க முடியவில்லை.

"கடவுளோடயும் சபையோடயும் சமாதானமா இருக்கீங்களா, சகோதரி?"

"இல்ல."

நகரப்போன பிஷப் நின்றார்.

"யாரோட மனஸ்தாபம்?"

"உங்க எல்லாரோடயும்தான். வாயை மூடிட்டு ரொட்டி சுட்டேனே, என்னோடயும்தான்!"

"லேவி பண்ணினது தப்பில்லையா?"

"தப்புதான். தப்புப் பண்ணினவன் மாட்டுக்குக் குளிராதா? இதோ, வேரா 'ஆமா'ங்கறா. அவளைப் பொய் சொல்ல வச்சிருக்கோம், சபைக்குள்ளயே! முன்னோர்களைக் கொண்டாடறாங்களாம், முன்னோர்களை! லேவியோட கொட்டகைச் சாம்பலைப் பார்த்தா அவங்க நம்ம மூஞ்சியிலயே முழிக்க மாட்டாங்க."

திருவிருந்து தள்ளிவைக்கப்பட்டது. வாசலில் எல்லோரும் அவளை விட்டு விலகிப் போனார்கள். ஏமோஸ் மாலையில் பிஷப் வீட்டுக்குப் போய், ராத்திரி வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினார்.

மறுநாள் காலை முற்றத்தில் தடதடவென்று சத்தம். ஏமோஸும் பிஷப்பும் உத்தரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"விழா நாளைக்குத்தானே, எங்க கொண்டு போறீங்க?"

"லேவி வீட்டுக்கு" என்றார் ஏமோஸ். "டவுன்காரங்க பார்க்கணும்னா அங்க வந்து பார்க்கட்டும்."

சந்தோஷப்பட வேண்டியவள்தான். கோபம் இறங்கினால்தானே!

"இதுக்கு ஒரு திருவிருந்து நிக்கணுமா? வெட்கமா இல்லையா உங்களுக்கெல்லாம்?"

பிஷப் தொப்பியைக் கழற்றினார். "இருக்கு" என்றார் ஏமோஸ்.

செலிண்டா ரொட்டிக் கூடைகளை லாரியில் ஏற்றிவிட்டு, முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"வண்டிய எடுங்க. போனதும் சுத்தியலைத் தொடக் கூடாது. முதல்ல வேராகிட்ட மன்னிப்புக் கேக்கணும். நானும் கேக்கணும்."