உயிர்க்குச்சி

என் தம்பி ஓவியன். அவன் கையை ஒடித்து அடுப்பில் வைத்தால் என்ன என்று இன்று மதியம்தான் எனக்குத் தோன்றியது.

இசைக்குழுவில் நிரந்தர இடத்துக்கு இன்று தேர்வு. வயது வரம்புப்படி எனக்கு இதுவே கடைசி வாய்ப்பு. தேர்வு நாளில் நடுவர்கள் முன் நிற்கும்வரை வயலினைத் தொடமாட்டேன். அது என் பழக்கம், அந்தப் பாவிக்கும் தெரியும். சுருதி சேர்க்கும்போதே வாய்க்குள் துணி அடைத்தவன் பேசுவதுபோல் ஒரு சத்தம். எப்படி வாசித்தும் அதே கதி. “போதும்மா, போகலாம்,” என்றார் நடுவர். அவர் தலைகூட நிமிரவில்லை.

வெளியே வந்து வயலினின் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் நின்று ஓசையைக் கடத்தும் சின்ன மரக்குச்சியைக் காணோம். உயிர்க்குச்சி என்போம் அதை. தானாக விழுந்திருந்தால் உள்ளேயே உருளும். குலுக்கினேன்; ஒன்றுமில்லை.

வேறு எந்தக் கடன்காரன் என் வயலினைத் தொடுவான்? நேரே தம்பியின் ஓவியக் கண்காட்சிக்குப் போனேன்.

சுவர் முழுக்க ஒரே ஒரு பெரிய படம். கடலுக்கடியில் நான் தூங்குகிறேன். என் கூந்தல் வயலின் நரம்புகளாக மேலேறி நிலாவில் கட்டியிருக்கிறது. மீன்களுக்கெல்லாம் மனிதக் காது. என் நெஞ்சில் ஒரு கதவு. அதற்குத் தாழ்ப்பாளாக ஒட்டியிருந்தது என் குச்சி.

“கனவுக்குள்ள இசை நுழையற கதவு இது,” என்று கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

காதைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். “டேய், யாரைக் கேட்டு எடுத்த?”

“சின்னக் குச்சிதானேக்கா! நரம்பெல்லாம் பழையபடி மாட்டிட்டேனே. உன் வாசிப்பக் கேட்டுத்தான் இந்தப் படமே வந்துச்சு. நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்.”

“என் வேலை போச்சுடா, நாசமாப்போறவனே!”

அவன் முகம் வெளுத்தது. அதற்குள் கண்காட்சி நடத்துபவர் கைதட்டி, “படத்துல இருக்கற அக்காவே வயலினோட வந்திருக்காங்க! கொஞ்சம் வாசிங்களேன்,” என்றார்.

“வேணாம்க்கா,” என்று முணுமுணுத்தான்.

வாசித்தேன். அதே செத்த சத்தம். கூட்டம் முதலில் தலையாட்டியது. பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பிறகு ஒவ்வொருவராக நழுவினார்கள்.

“போதும்க்கா. உன் கால்ல விழறேன்.”

“உக்காந்து கேளு. நீ வரைஞ்சது இதத்தான்.”

கடைசி ஆள் வெளியேறிய பிறகும் நான் நிறுத்தவில்லை.