ராஜா வீட்டுக் கதை மட்டும்

காலை ரயிலின் மூன்றாவது பெட்டியில், ஜன்னலோரம் எதிரெதிராக இருக்கும் நான்கு இருக்கைகளுக்கு ஒரு சட்டம் இருந்தது. அங்கே உட்கார்ந்து யாரும் சொந்த வீட்டுக் கதையைப் பேசக்கூடாது. வேண்டுமானால் லண்டன் ராஜா வீட்டுக் கதையைப் பேசலாம். சட்டம் போட்டது கோர்ட்டில் டைப் அடிக்கும் அக்கா. முன்பொரு நாள் ஒரு பெண் மாமியார் கதையை ஆரம்பித்து, அழுது தீர்த்து, இறங்கவேண்டிய ஸ்டேஷனையும் கோட்டை விட்டுவிட்டாளாம். "நம்ம வீடு எங்கயும் ஓடிடாது. சாயங்காலம் போனா அங்கயேதான் இருக்கும். அதுவரைக்கும் அவங்க வீட்டைப் பாப்போம்" என்பார் அக்கா.

அங்கே யார் பெயரும் யாருக்கும் தெரியாது. தேவைப்பட்டதும் இல்லை. வங்கியில் வேலை பார்ப்பவர் சார். பல் டாக்டரிடம் உதவிக்கு இருக்கும் பெண் பல்லு. கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவள் கண்ணாடி. சார் எப்போதும் அரண்மனையின் கட்சி. கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே என்பார். பல்லு, வீட்டை விட்டுப் போன இளைய மகன் மருமகளின் கட்சி. அரண்மனைப் பெண்கள் தலையில் வைக்கும் தொப்பிகளைப் பற்றி மட்டும் நால்வருக்கும் ஒரே கருத்து: காக்கா பார்த்தால் குடி வந்துவிடும்.

அன்று காலை தொப்பியைப் பற்றித்தான் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியின் காதில் எதுவும் ஏறவில்லை. முந்தின இரவு அவள் புருஷன் அவளுடைய போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டான். கத்தவில்லை, கை ஓங்கவில்லை. காய்கறி வாங்கி வரச் சொல்லுகிற குரலில்தான் சொன்னான்: நாளைக்குப் போய்க் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிடு, அதற்கப்புறம் வேலையும் வேண்டாம், ரயிலும் வேண்டாம், அங்கே எவனோடு சிரித்துக்கொண்டு போகிறாய் என்று எனக்குத் தெரியும். எவனோடு என்று நினைத்துப் பார்த்தாள். சாரின் வழுக்கைத் தலைதான் ஞாபகத்துக்கு வந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை.

இன்றைக்கு ஒரு நாள்தான். அதுவும் ரயில் போகப் போகக் குறைந்துகொண்டே வந்தது. யாரிடமாவது சொல்லவேண்டும். சட்டம் இருக்கிறதே என்று தோன்றியது. சட்டத்துக்குப் பயந்தா வாயை மூடிக்கொண்டிருக்கிறோம் என்றும் தோன்றியது. சொல்லி, இவர்கள் நம்பாமல் போய்விட்டால்? கடைசியில் அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆரம்பித்தாள்.

"ஒரு செய்தி படிச்சேன். ராஜா குடும்பத்துக்குத் தூரத்துச் சொந்தமாம், ஒரு இளவரசி. புருஷன் அவளை வெளிய விட மாட்டேங்கிறானாம்."

எந்த வழியில் சொந்தம் என்று சார் கேட்டார். பெயர் ஞாபகம் இல்லை என்றாள். அரண்மனை என்றால் காவல் இருக்கத்தான் செய்யும், அதைப் போய்ச் சிறை என்று எழுதுகிறார்கள் என்று சார் பத்திரிகைகளைத் திட்டினார். அவ்வளவு பெரிய வீட்டுக்குள் ஒரு சுற்று வந்தாலே நடைப்பயிற்சி முடிந்துவிடும், வெளியே வேறு போகவேண்டுமா என்று பல்லு கேட்டாள்.

"போன ஞாயித்துக்கிழமை வெளிப்பக்கமாப் பூட்டுப் போட்டுட்டுப் போயிட்டான்" என்றாள் கண்ணாடி. "காலைல போனவன் இருட்டுனப்புறம்தான் வந்தான். நடுவுல கேஸ் வேற தீந்துபோச்சு. பிள்ளைக்குப் பால்கூடச் சூடு பண்ண முடியல."

பல்லு விழுந்து விழுந்து சிரித்தாள். "அரண்மனையில கேஸ் தீந்துபோச்சா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ராஜாவே சிலிண்டரைத் தோள்ல தூக்கிட்டு வந்திருப்பாரே."

சாரும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"அந்த இளவரசியோட பிள்ளை இப்ப எங்க?"

"ஸ்கூல்ல. சின்ன வகுப்பு, மத்தியானத்தோட விட்டுடுவாங்க. நாத்தனார்தான் வந்து கூட்டிட்டுப் போவா."

"அவ எப்போ வெளிய வர முடியும்?"

"இன்னைக்கு மட்டும்தான்க்கா. சாயங்காலம் அவனே ஸ்டேஷன்ல வந்து நிப்பான்."

பல்லுவின் சிரிப்பு பாதியில் நின்றது. சார் மட்டும் இன்னும் லண்டனில் இருந்தார். இளவரசிகள் ரயிலில் எதற்குப் போகிறார்கள் என்று அவர் ஆரம்பிக்க, பல்லு அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். அவர் கண்ணாடியின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

"அந்த இளவரசி அடுத்த ஸ்டேஷன்ல எறங்கணும்" என்றார் அக்கா. "எறங்கி எதிர்ப்பக்கம் வண்டி ஏறி, பிள்ளையைக் கூட்டிக்கணும். யோசிக்கிறதெல்லாம் அப்புறம்."

சொல்லிவிட்டு அவரே முதலில் எழுந்து பையை மாட்டிக்கொண்டார்.

எதிர் ரயில் சீக்கிரமே வந்துவிட்டது. அதுதான் அன்று நடந்த கடைசி நல்ல காரியம் என்று கண்ணாடிக்குச் சற்று நேரத்தில் தோன்றியது. ஏனென்றால் அவள் ஊருக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால், குட்டிச்சுவரும் புதரும் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில், ரயில் நின்றது. சிக்னல் என்றார்கள். தண்டவாளத்தில் ஏதோ வேலை என்றார்கள். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டே போனது, வண்டி நகரவில்லை. எல்லோரும் அவரவர் போனை எடுத்துக்கொண்டார்கள். அவளிடம் எடுப்பதற்கு எதுவும் இல்லை.

குதித்து நடந்துவிடலாமா என்றாள். பக்கத்துத் தண்டவாளத்தில் வண்டி வரும், உட்கார் என்றார் அக்கா. தன் வீட்டுச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். இந்த ரயில் போகிற கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே தையல்கடை, அதன் மாடி, ஒரே அறை, தண்ணீர் மட்டும் காலையில்தான் வரும். அவ்வளவையும் சொல்லிவிட்டு, எதுவுமே நடக்காததுபோல் செத்துப்போன ராணியம்மாவின் நாய்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். குட்டைக் கால் நாய்கள். அத்தனை பெரிய மாடிப்படியில் அவை எப்படி ஏறி இறங்கியிருக்கும் என்பது அக்காவின் நெடுநாள் சந்தேகம். கண்ணாடிக்கு அலறவேண்டும் போலிருந்தது. அலறவில்லை. யாராவது தூக்கித்தான் போயிருப்பாங்க என்று பதில் சொன்னாள். பதில் சொல்லுகிற நேரத்துக்கு மட்டும் கதவுப் பக்கம் பார்க்காமல் இருந்தாள். அதைக் கவனித்துத்தான் அக்கா விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாரோ என்னவோ.

ரயில் நகர்ந்து, ஸ்டேஷன் வந்து, அவர்கள் பள்ளிக்கூடத் தெருவுக்குள் ஓடியபோது கேட் திறந்திருந்தது. பிள்ளைகள் பாதிப்பேர் போய்விட்டார்கள். மகள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் பை நாத்தனாரின் தோளில் இருந்தது.

கண்ணாடி கேட்டருகே நின்றுவிட்டாள். வழியெல்லாம் இந்த இடத்துக்கு வந்து சேர்வதை மட்டுமே நினைத்திருந்தாள். சேர்ந்தபின் என்ன செய்வது என்று நினைக்கவேயில்லை.

"என்ன அண்ணி, வேலைக்குப் போகலையா?" என்றாள் நாத்தனார். கெட்டவள் இல்லை, அண்ணன் சொன்னால் மறுபேச்சு பேசத் தெரியாதவள். "அண்ணன் ஒண்ணும் சொல்லலையே. இருங்க, ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

அவள் போனை எடுத்தாள். கண்ணாடி மகளின் கையைப் பிடித்தாள். பை நாத்தனாரிடமே கிடக்கட்டும் என்று திரும்பியபோது, அக்கா இடையில் வந்து நின்றார்.

"ஏம்மா, உன்னை எங்கயோ பாத்திருக்கேனே" என்று நாத்தனாரின் போன் பிடித்த கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். "லண்டன் ராணி செத்தப்ப டிவில பாத்தியா நீ? அந்தக் கூட்டத்தைப் பாத்தியா? எத்தனை மணி நேரம் நின்னாங்க தெரியுமா ஜனங்க?"

"யாருங்க நீங்க? கையை விடுங்க."

"விடறேன்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த நாய்ங்கள எல்லாம் அப்புறம் யாரு வளக்குறாங்க?"

கண்ணாடி அதற்குமேல் கேட்கவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். பின்னால் நாத்தனார் அண்ணி, அண்ணி என்று கூப்பிடுவதும், அதற்கும் மேலே அக்காவின் குரல் தொப்பிகளுக்குத் தாவியதும் தெருமுனைவரை கேட்டன.

பிளாட்பாரத்தில் கடைசி ஸ்டேஷன் போகிற ரயில் நின்றிருந்தது. மூன்றாவது பெட்டிவரை ஓடத் தெம்பில்லாமல் கிடைத்த பெட்டியில் ஏறினாள். ஸ்டேஷன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா வந்துவிடுவார் என்று ஒரு கண்ணும், அவன் வந்துவிடுவான் என்று ஒரு கண்ணும். இருவரும் வரவில்லை. ரயில் நகர்ந்தது.

இனி என்ன ஆகும் என்று வரிசையாக யோசிக்கப் பார்த்தாள். நாத்தனாரின் கை இந்நேரம் விடுபட்டிருக்கும். போன் போயிருக்கும். அவனிடம் வண்டி இருக்கிறது. ரயிலைவிட வேகமாக ஓட்டுவான். ஆனால் எந்த ஸ்டேஷனில் வந்து நிற்பது என்று அவனுக்குத் தெரியாது. கையில் இருந்த பிடி அது ஒன்றுதான். அக்கா அங்கே எப்படிச் சமாளிக்கிறாரோ, யாராவது போலீஸைக் கூப்பிட்டார்களோ, தெரியவில்லை. விசாரிக்கலாம் என்றால் அக்காவின் பெயர்கூடத் தெரியாது. இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து யாரோ ஒரு ராணியின் நாய்களை எல்லாம் விசாரித்தவள், அதைக் கேட்டதேயில்லை.

"எங்கம்மா போறோம்?" என்றாள் மகள். "என் பை அத்தைகிட்டயே இருக்கு."

"ஒருத்தங்க வீட்டுக்கு."

"யாரு வீட்டுக்கு?"

கண்ணாடி உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். இறுக்கிப் பிடித்ததில் சாவியின் பல் தோலில் பதிந்திருந்தது.

"ரயில்ல வர்ற அக்கா வீட்டுக்கு" என்றாள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரயில் நிற்கும்போது மகளை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டு, வண்டி மறுபடி நகரும்வரை கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.