வீட்டுப் பாத்தி

மார்க்கண்டுவின் தோட்டத்தில் இரண்டு கீரைப் பாத்திகள். கிணற்றடியில் சின்னதாய் வீட்டுப் பாத்தி. வேலியோரம் நீளமாய் விற்கிற பாத்தி. வீட்டுப் பாத்திக் கீரையில் பூச்சி அரித்த ஓட்டைகள் இருக்கும். விற்கிற கீரையோ துடைத்து வைத்த மாதிரிப் பளபளக்கும்.

மார்க்கண்டுவைக் கல்யாணம் செய்து சரவணை ஊருக்கு வந்த மறுநாளே பரிமளத்துக்கு மாமியார் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

"கறிக்கெண்டால் கிணத்தடியிலை மட்டும் பிடுங்கு, பிள்ளை."

ஏன் என்று பரிமளம் கேட்கவில்லை. மாட்டுக் கொட்டில் வளையில் செருகியிருந்த, மண்டையோட்டுப் படம் போட்ட பூச்சிமருந்துப் போத்தலை அவள் கண்டிருந்தாள். பதினொரு வருடம் வாயைத் திறக்காமல் கீரை கட்டினாள்.

எண்பத்தாறாம் ஆண்டு, மாசி மாதத்து வியாழக்கிழமை. விடியப் பிடுங்கிய கீரையை ஓலைக் கீற்றால் கட்டி, குசினி வாசலில் ஈரச் சாக்கில் அடுக்கிவிட்டுத் தேத்தண்ணி வைக்க உள்ளே போனாள். முயல் கூட்டைச் சாத்த மறந்துவிட்டாள். திரும்பி வந்தபோது வெள்ளைச்சி ஒரு கட்டுக் கீரையில் பாதியை முடித்திருந்தது.

ஊர்காவற்றுறை அல்போன்சம்மா உள்ளங்கை அளவில் தந்த முயல் அது. பிள்ளையில்லாத வீட்டில் நாலு வருடமாகப் பரிமளத்தின் காலடியில் திரிந்தது அது ஒன்றுதான். "உன்ரை மகள் சாப்பிட்டாளோ?" என்று மார்க்கண்டு ஒவ்வொரு மத்தியானமும் கேட்பான். கேலிதான். ஆனால் ஒவ்வொரு நாளும் கேட்பான்.

அரை மணி நேரத்தில் முயலின் வாயால் நீர் வடிந்தது. பின்னங்கால்கள் உதறின.

"நேற்றுப் பின்னேரம் மருந்து அடிச்சனீங்களோ?" என்று பரிமளம் கேட்டாள்.

"மெல்லக் கதை," என்றான் மார்க்கண்டு. வேலிப் படலையில் அயல்வீட்டுச் சிவக்கொழுந்து நின்றாள். வாங்கிய இரண்டு கட்டுக் கீரை அவளுடைய ஓலைக் கடகத்தில் கிடந்தது.

"என்ன பிள்ளை, முயலுக்கு?"

"என்னவோ திண்டிட்டுது அக்கா."

"உப்புத் தண்ணியைப் பருக்கு. சத்தி எடுத்தால் எல்லாம் வெளியிலை வந்திடும்."

பரிமளம் முயலைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு ஓடினாள். இரண்டு கிழமைக்கு ஒரு வியாழன், மாட்டு டொக்டர் மோட்டார் சைக்கிளில் வந்து சந்தி வேம்படியில் தடுப்பூசி போடுவார். அன்று அவர் வரும் நாள். மார்க்கண்டுவும் சைக்கிளில் பின்னால் வந்தான். முயலுக்காக அல்ல, அவளுடைய வாய்க்காக. கடகத்தோடு சிவக்கொழுந்தும் வந்தாள்.

வேம்படியில் பத்துப் பன்னிரண்டு பேர், மாடும் ஆடுமாக நின்றார்கள். எல்லாரும் மார்க்கண்டுவிடம் கீரை வாங்குகிறவர்கள்.

"என்ன மார்க்கண்டு, முயலுக்கும் ஊசியோ? நாளைக்குக் கோழிக்குக் கண்ணாடி போடுவீர் போலை," என்றார் ஏரம்பு. எல்லாரும் சிரித்தார்கள்.

டொக்டர் சிரிக்கவில்லை. முயலின் இமையை விரித்துப் பார்த்தார். வாயை முகர்ந்தார்.

"வாயிலை ஏதும் ஊத்தினனீரோ?"

"இல்லை ஐயா. உப்புத் தண்ணி பருக்கச் சொன்னவை."

"ஊத்தாதது நல்லதாப் போச்சு. முயலுக்குச் சத்தி எடுக்க ஏலாது. ஊத்தியிருந்தால் நெஞ்சுக்குள்ளை போய் அதிலையே முடிஞ்சிருக்கும். என்ன திண்டது?"

"கீரை."

"கீரைக்கு என்ன மருந்து அடிச்சது?"

சிரிப்பு நின்றுவிட்டது. மார்க்கண்டு முன்னுக்கு வந்தான்.

"மருந்தோ? நான் சாம்பல் மட்டும்தான் தூவுறனான் ஐயா. ஊருக்கே தெரியும்."

"ஓம், ஓம், சாம்பல்தான்," என்றார் ஏரம்பு. அவருடைய மகள் பிள்ளை பெற்று இருபது நாள். அந்த வீட்டுக்குத் தினமும் ஒரு கட்டுக் கீரை போகிறது.

டொக்டர் பரிமளத்திடம் திரும்பினார். "தங்கச்சி, என்னட்டை ஒரு ஊசி இருக்கு. சில மருந்துக்குத்தான் அது கேக்கும். பெயர் தெரியாமல் குத்த ஏலாது. கெதியாச் சொல்லும்."

"அவளுக்கென்ன தெரியும்?" என்றான் மார்க்கண்டு.

வெள்ளைச்சியின் நெஞ்சு அவளுடைய உள்ளங்கையில் விட்டு விட்டு அடித்தது. சொன்னால் இனி இந்த ஊரில் ஒருவரும் அவர்களுடைய படலையைத் திறக்கமாட்டார்கள். அடுப்பு எரிவது அந்தப் பாத்தியால்தான்.

பரிமளம் போத்தலில் இருந்த பெயரைச் சொன்னாள். டொக்டருக்கு விளங்கவில்லை. எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

"நேற்றுப் பின்னேரம் அடிச்சவர். இண்டைக்கு விடியப் பிடுங்கினது. கிழமைக்குக் கிழமை அடிக்கிறவர்."

டொக்டர் ஊசியை எடுத்தார். முயலுக்குக் குத்தினார். சிவக்கொழுந்து கடகத்தைக் கீழே வைத்தாள்.

"எடியே, அப்ப இது?"

"கொட்டிப்போடுங்கோ அக்கா."

"இதைக் கொட்டுறன். பதினொரு வருசமாத் திண்டதை எங்கையடி கொட்டுறது?"

மார்க்கண்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

"பொழுதுபடமுன்னம் ஏதாவது கடிச்சால் தப்பும்," என்றார் டொக்டர். "நல்ல புல்லுக் குடும். பட்டினி கிடந்தால் குடல் நிண்டுபோம்."

விளக்கு வைக்கிற நேரத்தில் வெள்ளைச்சி ஓர் அறுகம்புல்லைக் கடித்தது. பரிமளம் அழுதாள். மார்க்கண்டு குசினி வாசலில் வந்து நின்றான்.

"ஒரு முயலுக்காக என்னைக் காட்டிக் குடுத்திட்டாய்."

நாலு நாள் கீரைக்கென்று ஒருவரும் படலையைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் சிவக்கொழுந்து வந்தாள். சண்டைக்கு வந்தாள் என்றுதான் பரிமளம் நினைத்தாள்.

"உங்கடை கறிக்கு எங்கை பிடுங்கிறனீங்கள்?"

"கிணத்தடியிலை."

"அதிலை எனக்கு ரண்டு கட்டுத் தா. விலை கூட எண்டாலும் பறவாயில்லை."

மார்க்கண்டு கொட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தான். "அப்ப வேலிக்கரைக் கீரை?"

"அதை யாழ்ப்பாணத்துக்கு ஏத்துவீர்தானே. ஆர் திண்டால் எங்களுக்கென்ன?"

பின்னேரம் ஏரம்பு வந்தார். மகளுக்கென்று தினமும் ஒரு கட்டுச் சொல்லிவைத்தார். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிழமை முடிவதற்குள் கிணற்றடிப் பாத்தி முழுவதற்கும் ஆள் வந்துவிட்டது.

மார்க்கண்டு சிரித்தபடி குசினிக்குள் வந்தான்.

"நீ சொன்னதும் நல்லதாத்தான் போச்சு," என்றான். பதினொரு வருடத்தில் அவளை அவன் மெச்சியது அன்றுதான். கையிலிருந்த வேலிக்கரைக் கீரைக்கட்டை அம்மிக்குப் பக்கத்தில் போட்டான். "இனிக் கிணத்தடியிலை கை வைக்காதை. அது ஆக்களுக்குச் சொல்லியாச்சு. எங்களுக்கு இது காணும். நல்லாக் கழுவிக் காய்ச்சு."

பரிமளம் கட்டை அவிழ்த்தாள். ஓர் இலையில்கூட ஓட்டை இல்லை. மூன்று தண்ணீரில் கழுவினாள். வெள்ளைச்சி தத்தித் தத்தி வந்து சட்டியை முகர்ந்தது.

"இது உனக்கில்லை," என்று அதைக் காலால் தள்ளிவிட்டு, கத்தியை எடுத்துக் கீரையை அரியத் தொடங்கினாள்.