நேர்த்தி வைத்த மேசை

நாற்பது கண்ணாடிக் கோப்பை. ஒவ்வொன்றிலும் முட்டை போடாத சொக்லேட் மூஸ், குளிரில் இறுகி நிற்கிற இனிப்பு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு விரல் உயரத்துக்கு, பொன் தூள் பூசின வெள்ளைச் சொக்லேட் பொம்மை, விருதுச் சிலையைப் போலவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. மூன்று நாள் வேலை. அதையெல்லாம் மீனலோசனி வீட்டு ஹோலுக்குள் கொண்டுபோய் மேசையில் வைத்து முடிக்கும்வரை பிரியவதனி ஒழுங்காக மூச்சுவிட்டாளோ என்பதே சந்தேகம்.

சங்கதி இதுதான். மீனலோசனியின் மகன் நிசாந்தன் ரொறன்ரோவில் எடுத்த குறும்படம் அங்கே ஒரு விருதுக்குக் கடைசி ஐந்துக்குள் வந்துவிட்டது. அங்கே சனிக்கிழமை இரவு விழா என்றால் இங்கே தீவுப்பக்கத்துச் சரவணை ஊரில் ஞாயிறு விடியற்காலை. அயலைக் கூட்டிப் பெரிய திரையில் பார்ப்பது என்று தாய்க்காரி முடிவெடுத்தாள். வடையும் றோல்சும் வேண்டாம், விருதுவிழாவுக்குத் தக்க மாதிரி நாகரிகமான இனிப்பு வேண்டும் என்று கனடாவிலிருந்து படம் படமாக அனுப்பியவள் மருமகள் லக்சிகா. போன கிழமை அவள் போனில் இன்னொன்றும் சொல்லியிருந்தாள்.

"அக்கா, ஆவணியிலை மச்சாளின்ரை கலியாணம், ஊரிலைதான். இனிப்பு மேசை முழுக்க உங்களிட்டைத் தர யோசிக்கிறன். முதல் இது என்னமாதிரி வருகுதெண்டு பாப்பம்."

பிரியவதனிக்கு அது போதாதா? ஒன்பது வருடமாகப் பிறந்தநாள் கேக்கில் ஐசிங் ரோசாப்பூப் பிழிந்து பிழிந்து சலித்துப்போனவள். வெளிநாட்டுக்காரர் ஊருக்கு வந்து கலியாணம் வைத்தால் யாழ்ப்பாண ரவுணிலிருந்துதான் ஆள் பிடிக்கிறார்கள். இது ஒன்று கைக்கு வந்தால் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு வேலணையில் ஒரு சின்னக் கடை. அவ்வளவுதான் அவள் ஆசை.

ஆனால் அந்த மூன்று நாளும் அவள் பட்ட பாடு! முதலில் வார்த்த பொம்மைகளில் பதினாறுக்குக் கழுத்து முறிந்தது. அடுத்த நாள் கரண்ட் போய் மூஸ் கூழாகிவிட்டது. ஐஸ் வைக்கப் பெட்டி வாங்கிவா என்று அனுப்பினால், புருசன் றஜீபன் மீன்காரரின் றெஜிபோம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். "கழுவினதுதானே," என்றான். நயினாதீவு அம்மன் கோயிலில் கொடியேறி, ஊரே மச்சம் மாமிசத்தை விட்டிருக்கிற நேரத்தில் மீன் பெட்டி! அன்று முழுக்க அவனுக்கு அர்ச்சனைதான்.

இவ்வளவையும் தாண்டி மேசை அமைந்துவிட்டது. நடுவில் சிவப்புக் கம்பளம் விரித்ததுபோல் நீளமாக ஒரு சிவப்புக் கேக், இரண்டு கரையிலும் பொன் பொம்மைகள். பார்க்க அவளுக்கே கண் நிறைந்தது. ஐந்தரைக்கு ஆட்கள் வந்ததும் சாப்பிடுவார்கள், லக்சிகா வீடியோவில் பார்ப்பாள், முடிந்தது அலுவல் என்று நினைத்தாள்.

அப்போதுதான் மீனலோசனி குத்துவிளக்கோடும் நாகபூசணி அம்மன் படத்தோடும் வந்தாள். ஆறு கோப்பையை ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் படத்தை நடுவில் வைத்து, கற்பூரத்தையும் கொளுத்தினாள்.

"என்ன அன்ரி இது?"

"நான் அம்மாளுக்கு நேர்த்தி வைச்சனான் பிள்ளை. இது படையல். அவனுக்குப் பரிசு கிடைச்சாப் பிறகுதான் ஆரும் தொடலாம்."

"அது எத்தினை மணிக்கு?"

"அவனின்ரை பரிசு கடைசியாத்தானாம். எட்டரை ஆகும்."

பிரியவதனி மேசைக்கு முன்னால் வந்து மறித்தாள். "அன்ரி, இது மோதகமில்லை. குளிரிலை நிக்கிற சாமான். அரை மணித்தியாலத்துக்கு மேலை தாங்க ஏலாது. இப்ப பிறிஜ்ஜிலை வைச்சிட்டு எட்டு மணிக்கு எடுப்பம்."

"படைச்சதை எடுக்கிறதோ? என்ன கதை கதைக்கிறீர்!"

கோப்பைகள் மேசையிலேயே நின்றன. விடிந்து வெளிச்சம் ஏற ஏறத் திரையில் படம் மங்கியது. யன்னல் எல்லாவற்றையும் சாத்தித் திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள். பூட்டின ஹோலுக்குள் நாற்பது பேர், ஒரு குத்துவிளக்கு, இரண்டு காற்றாடி. இன்ரநெற்றும் நின்று நின்று வந்தது. பிரியவதனி திரையைப் பார்க்கவே இல்லை. பழைய பேப்பர் ஒன்றை மடித்து மேசைக்கு விசிறிக்கொண்டே நின்றாள்.

ஏழு மணிக்கு முதல் பொம்மை குனிந்தது. ஏழரைக்கு ஒரு வரிசையே குனிந்தது. "பிள்ளை, உம்மடை ஆக்கள் எங்களுக்கு வணக்கம் சொல்லுறாங்கள்," என்று பின்னாலிருந்து யாரோ பகிடி விட, சனம் சிரித்தது. அவளுக்கு அழுகை வந்தது. எட்டு மணிக்குச் சிவப்புக் கேக்கின் கிறீம் வழிந்து அம்மன் படத்தின் அடியைத் தொட்டது. கோதாரி விழ!

எட்டு நாற்பதுக்குப் பெயரை வாசித்தார்கள். வேறு யாரோ எழும்பிப் போனான்.

மீனலோசனி திரையை நிற்பாட்டச் சொன்னாள். செத்தவீட்டிலிருந்து போவதுபோல் சனம் சொல்லாமல் கொள்ளாமல் கழன்றது. ஒருத்தர்கூட மேசைப் பக்கம் திரும்பவில்லை. ஹோலுக்குள் அவர்கள் இரண்டு பேரும்தான் மிச்சம்.

"நாப்பது கோப்பை அன்ரி!" பிரியவதனிக்கு அடக்க முடியவில்லை. "ஒரு சனம் ஒரு கரண்டி வாயிலை வைக்கேல்லை! எனக்கு முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லே!"

மீனலோசனி கதிரையில் குறுகிப்போய் இருந்தாள். மேசையில் கிடந்த போன் அடித்தது. அவள் எடுக்காததால் பிரியவதனியே எடுத்தாள். கோட்டும் சூட்டுமாக நிசாந்தன், பக்கத்தில் லக்சிகா. நிசாந்தன்தான் கேட்டான்.

"அக்கா, அம்மா தேத்தண்ணி எண்டாலும் குடிச்சவவோ? அங்கை ராத்திரி கதைக்கேக்கை பச்சைத் தண்ணியும் தொடமாட்டன் எண்டு நிண்டவ."

பிரியவதனி திரும்பிப் பார்த்தாள். மீனலோசனியின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. கோப்பைகளுக்கு விசிறின நேரத்தில் இந்த மனுசியை ஒருதரமாவது பார்த்தாளா அவள்? கோபம் போகவில்லை. ஆனால் கை தானாக ஒரு கோப்பையை எடுத்தது.

"இந்தாங்கோ, சாப்பிடுங்கோ."

"நேர்த்தி, பிள்ளை..."

"பட்டினி கிடந்து விழச் சொன்னவவோ அம்மாள்?"

"அம்மா, நானும் இன்னும் சாப்பிடேல்லை," என்றான் மகன். "நீங்கள் சாப்பிட்டால்தான் நான் சாப்பிடுவன்."

மீனலோசனி அம்மன் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். கண்ணீர் ஓடியது. குனிந்து கிடந்த பொம்மையோடு சேர்த்து ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்தாள். பிறகு இன்னொரு கரண்டி. கோப்பை வெறுமையானது.

"சீனி கூடிப்போச்சு," என்றாள்.

பிரியவதனிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. போனில் லக்சிகாவும் கேட்டுக்கொண்டுதானே நிற்கிறாள்! ஆவணியும் போச்சு, கடையும் போச்சு.

மீனலோசனி கையை நீட்டி அடுத்த கோப்பையை எடுத்தாள்.

"அக்கா," என்றாள் லக்சிகா மெல்ல, "அது ரெண்டாவதோ?"

"ஓம்."

"போன வருசம் மாமி மூண்டு மாசம் இஞ்சை வந்து நிண்டவ. நான் செய்த ஒண்டையும் ரெண்டாந்தரம் எடுத்ததில்லை. ஆவணிக்கு நீங்கள்தான்."

பிரியவதனி மேசையைப் பார்த்தாள். முப்பத்தெட்டுப் பொம்மைகளும் முகங்குப்புறக் கிடந்தன. சந்தோசம்தான், ஆனாலும் விடியற்காலைக் கோபம் அதற்கு முந்திக்கொண்டது.

"செய்யிறன் லக்சிகா. ஆனா இப்பவே சொல்லிப்போட்டன். ஆரும் நேர்த்தி வைக்கிறதெண்டால் பொங்கல் புக்கைக்கு வைக்கட்டும். அது சூட்டைத் தாங்கும்."