பேச்சுக்கு ஒரு ரேடியோ

நான்காவது ரேடியோவையும் காதோரம் வைத்துக் கேட்டுவிட்டு, "இதுவும் மூக்காலதாங்க பேசுது" என்றேன்.

கடைக்காரர் அதை வாங்கி, பேட்டரியைக் கழற்றி, அட்டைப்பெட்டிக்குள் திரும்ப வைத்தார். எழுபதை நெருங்கும் ஆள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, பிரித்துப்போட்ட ஏதோ ஒரு பழைய பெட்டியின் முன்னால் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருந்தார். எவளாவது என்னிடம் வந்து இப்படிப் படுத்தியிருந்தால் மூன்றாவது ரேடியோவிலேயே வள்ளென்று விழுந்திருப்பேன். அவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் காலையிலிருந்து கடைக்கு வேறு ஆள் வந்திருக்காது.

"பாட்டு கேக்கவா, செய்திக்கா?" என்றார்.

"பேச்சுக்கு. பாட்டு எதுல போட்டாலும் நல்லாத்தான் இருக்கும். மனுசங்க பேசறப்பதான் வண்டவாளம் தெரியும்."

"கையில கொண்டு போவீங்களா?"

"ஆமா. போற இடத்துக்கெல்லாம் கூட வரணும்."

சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. நாலு எட்டு வைத்தால் சுவரில் முட்டிக்கொள்கிற வீடு. அதில் போகிற இடம் என்ன வாழ்கிறது? சமையலறை, படுக்கை, துணி காயப்போடும் பால்கனி, அவ்வளவுதான். சட்டைப்பையில் அடங்கும் ரேடியோ வேண்டும் என்று கேட்டு வந்திருந்தேனே தவிர, என் உடுப்புகள் எதிலும் பை கிடையாது. அதையும் அவரிடம் சொல்லவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. எங்கள் கட்டிடத்து லிஃப்டில் மாடி எண் சொல்லும் ஒரு பெண்குரல் உண்டு, பதிவு செய்து வைத்தது. போன வாரம் அது "மூன்றாவது தளம்" என்று சொல்ல, நான் "சரிம்மா, வரட்டா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். உள்ளே பையோடு நின்ற மனிதர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கதவைத் திறந்து வீட்டுக்குள் போய் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றேன். அன்றைக்கு முழுக்க நான் வாய் திறந்து பேசியது அந்த ஒரு வாக்கியம்தான் என்று அப்போதுதான் உறைத்தது. வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் வேண்டும், இல்லையென்றால் நான் கழன்றுவிடுவேன் என்று பயம் வந்துவிட்டது.

மகளிடம் சொன்னேன். அவள் தூரத்தில் இருக்கிறாள், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூப்பிடுவாள். "போன்லயே ரேடியோ வருமேம்மா, எதுக்குத் தனியா ஒண்ணு?" என்றாள். போனில் கேட்டால் பேட்டரி தீர்ந்துவிடும், யாராவது கூப்பிடும் நேரத்தில் உயிர் போய்க் கிடக்கும் என்றேன். "யாரும்மா கூப்பிடப் போறா?" என்று கேட்டுவிட்டாள். வேண்டுமென்று கேட்கவில்லை, வாய்தவறி வந்தது. உடனே வேறு பேச்சுக்குத் தாவினாள். அவள் கேட்டதும் நியாயம்தான். ஆனால் லைனைக் காலியாக வைத்திருப்பது எனக்கு முப்பத்தொரு வருடப் பழக்கம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன்.

தரைத்தளத்தில், ஜன்னலில்லாத ஒரு அறை. இரண்டு நாற்காலி, இரண்டு சுவிட்ச் பலகை. ஒவ்வொரு பலகையிலும் வரிசையாகக் குட்டிக் குட்டிச் சாவிகள். சாவியை முன்னால் தள்ளினால் வெளியிலிருந்து கூப்பிடுகிறவரோடு நாம் பேசலாம், பின்னால் தள்ளினால் வார்டில் மணி அடிக்கும், நடுவில் விட்டால் அவர் காத்திருக்கிறார் என்று அர்த்தம். காத்திருப்பவரை நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். "லைன்லயே இருங்க, நான் இருக்கேன்." இதுதான் நான் சொல்வது. முதல் பாதி ஆஸ்பத்திரி சொல்லிக்கொடுத்தது. இரண்டாம் பாதி என்னுடையது. என்னை அங்கே முகம் பார்த்துத் தெரிந்தவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். குரல் எல்லாருக்கும் தெரியும். எந்த நர்ஸுக்கு ஜலதோஷம், எந்த டாக்டர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று 'ஹலோ'விலேயே சொல்லிவிடுவேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு ஆளைக்கூட லைனில் மறந்துவிட்டுப் போனதில்லை என்று எனக்கு ஒரு மண்டைக்கனம் உண்டு. ஓய்வு பெற்ற அன்று பேசச் சொன்னபோது அதைத்தான் சொன்னேன். கை தட்டினார்கள்.

பக்கத்து நாற்காலியில் தும்மலக்கா. அறையின் குளிர் அவளுக்கு ஆகாது. தும்ம ஆரம்பித்தால் ஏழுக்குக் குறைந்து நிறுத்த மாட்டாள். நான் சத்தமாக எண்ணுவேன், அவள் தும்மலுக்கு நடுவிலேயே என்னைத் திட்டுவாள். கணவர் என்று எனக்கு ஒருவர் இருந்தார். மகளுக்கு நாலு வயதில் கிளம்பிப் போனவர், அவரைப் பற்றி இவ்வளவு போதும். தும்மலக்காவோடுதான் நான் வாழ்ந்தேன் என்று சொன்னால் அது பொய்யில்லை. அவள் போய்ச்சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது.

"இதைப் பாருங்க" என்று கடைக்காரர் ஐந்தாவதை எடுத்து வைத்தார். சோப்புக்கட்டி அளவு. சாம்பல் நிறம், ஓரத்தில் கட்டைவிரலால் உருட்டும் சக்கரம். "பட்டன் வெச்சதெல்லாம் தானா தாவித் தாவிப் போகும், நமக்கு வேணுங்கிற இடத்துல நிக்காது. இது நம்ம கைக்கு அடங்கும். ஸ்பீக்கர் சின்னதுதான், ஆனா பேச்சுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். ஏரியலை முழுசா இழுங்க."

வாசலில் எல்லா ரேடியோவும் நன்றாகத்தான் பாடும். அதனால் ஒவ்வொன்றையும் கடையின் கடைசிக்கு, இரும்பு அலமாரிகளுக்கு நடுவில் கொண்டுபோய்த்தான் கேட்டேன். என் சமையலறை அப்படிப்பட்ட இடம். சக்கரத்தை மெல்ல உருட்டினேன். இரைச்சல், அப்புறம் இசை, அப்புறம் இரைச்சல், அப்புறம் ஒரு வயதான மனிதர் பூச்செடிக்கு எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். குரலில் கொஞ்சம் கரகரப்பு, மூச்சு வாங்கும் இடம்கூடத் தெளிவாகக் கேட்டது. மூக்கில்லை. அவர் பேச்சை நிறுத்தியபோது பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது கேட்டது. அவர் இருந்த அறையே கேட்டது. எனக்குச் சட்டென்று நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் ஒரு அடி நகர, குரல் தேய்ந்தது. கட்டைவிரல் சக்கரத்தைத் தேடியது, வாய் அதுபாட்டுக்குச் சொன்னது.

"லைன்லயே இருங்க, நான் இருக்கேன்."

சொன்ன பிறகுதான் வெட்கமாகிவிட்டது. லிஃப்டில் ஆனது, இப்போது கடையிலும் ஆயிற்று. திரும்பிப் பார்த்தால் கடைக்காரர் கையில் ஸ்க்ரூடிரைவர் அப்படியே நிற்கிறது.

"நீங்க ஆஸ்பத்திரி போன்ல இருந்தவங்களா?" என்றார்.

ஆமாம் என்றேன். குரலை வைத்து அடையாளம் கண்டுகொள்கிறவர்கள் முன்பெல்லாம் உண்டு. பெருமையாகத்தான் இருந்தது. அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு உட்காரச் சொல்லி ஒரு முக்காலியைக் காலால் நகர்த்திவிட்டார்.

"இருபத்திரண்டு வருசம் ஆச்சு. நான் அப்ப வேற ஊர்ல ஃபேக்டரில வேலை பாத்துக்கிட்டிருந்தேன். வீட்டுக்காரிக்கு ஆபரேஷன்னு தகவல் வந்துச்சு. மேனேஜர் சாப்பிடப் போறப்ப, பேசிக்கோன்னு ரூமைத் திறந்து விட்டுட்டுப் போனாரு. நீங்கதான் எடுத்தீங்க. வார்டுல கேட்டுச் சொல்றேன், லைன்லயே இருங்க, நான் இருக்கேன்னீங்க."

"சரி."

"அப்புறம் வரலை."

நான் ரேடியோவை அணைத்தேன்.

"லைன் கட்டாகலை. உங்க ரூம் சத்தம் எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. டப்பா திறக்கிற சத்தம் கேட்டுச்சு. சாப்பாடு அடிப்பிடிச்சிருச்சுன்னு சொன்னீங்க. பொண்ணு கணக்குல எவ்வளவோ மார்க்கு வாங்கியிருக்கான்னு சொன்னீங்க. பக்கத்துல ஒரு அம்மா தும்முனாங்க. நீங்க எண்ணுனீங்க. பதினொண்ணு வரைக்கும்."

நடந்தது எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. வார்டில் பார்த்துச் சொல்கிறோம் என்றிருப்பார்கள். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்திருக்கும். சாவியை நடுவில் விடாமல், முன்னால் தள்ளியபடியே விட்டுவிட்டு, ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பேன். புதிதாகச் சேர்ந்த பெண்களை எதற்காக நான் கரித்துக் கொட்டுவேனோ, அதே தப்பு. செய்தது எனக்கு நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தும் அப்படி ஒரு மத்தியானம் என் தலைக்குள் இல்லை.

"எவ்வளவு நேரம்?" என்றேன்.

"நாப்பது நிமிசம்."

"சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கலாமே. ஹெட்செட்ல கேட்டிருக்கும்."

"கூப்பிட்டிருக்கலாம்" என்றார். ஸ்க்ரூடிரைவரை மேசையில் வைத்தார். "கூப்பிட்டா நீங்க வார்டுக்குக் குடுத்துடுவீங்களே."

அதற்கு மேல் நான் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்காமல் வீட்டுக்குப் போய் என்னால் இருக்க முடியாது. "அவங்களுக்கு என்னாச்சு?" என்றேன்.

"அன்னிக்குக் காலையிலேயே போயிட்டா. நான் போன் பண்றதுக்கு முன்னாடியே. அப்புறம் நீங்க வந்து எடுத்து, ஐயோ இன்னும் இருக்கீங்களான்னு பதறிப்போய் வார்டுக்குக் குடுத்தீங்க. அங்க சொன்னாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க மேல எனக்குக் கோவமே இல்லைம்மா. அந்த நாப்பது நிமிசமும் அவ எனக்கு உயிரோடதான் இருந்தா. நீங்க சாப்பிட்டுக்கிட்டிருந்தீங்க, அந்த அம்மா தும்மிக்கிட்டிருந்தாங்க, எல்லாரும் சிரிச்சுக்கிட்டிருந்தீங்க. அப்படிப்பட்ட இடத்துல யாருக்கும் என்ன ஆகிடப் போவுதுன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. முன்பின் தெரியாத மனிதரின் கடையில், முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். அவருக்காக அழுதேனா, என் மண்டைக்கனம் உடைந்ததற்கா, தும்மலக்காவுக்கா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் எப்போதோ தொலைத்துவிட்ட ஒரு மத்தியானத்தை இந்த மனிதர் சிந்தாமல் சிதறாமல் வைத்திருந்தார். பதினொன்று. அவள் பதினொன்று வரை போனதுண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. உங்களை எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். வாய் வரவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்லைங்க. மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"உங்களுக்கு எத்தனை பேரு. எப்படி இருக்கும்?" என்றவர் ரேடியோவை என் கையிலிருந்து வாங்கினார். "இதையே எடுத்துக்குங்க. இதுலதான் ரூம் கேக்கும்." பேட்டரி போட்டு, ஏரியலை ஒருமுறை இழுத்து மடக்கிப் பார்த்து, பெட்டியில் வைத்துக் கொடுத்தார். பெட்டியின் மேல் கடையின் முத்திரை, கீழே போன் நம்பர்.

மூன்று நாள் ரேடியோ என்னோடு வீடு முழுக்க வந்தது. பூச்செடி மனிதர் தினமும் பத்து மணிக்கு வந்தார். நல்ல ரேடியோதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதிலிருந்து யாரும் என்னிடம் பேசவில்லை. நான் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவர் பாட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை மாலை அதை ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்தேன். உர்ரென்று ஒரு சத்தம் வந்தது. ஒரு முழம் தள்ளி வைத்தால் போய்விடும். அது தெரியாத ஆளா நான்? இருந்தாலும் பெட்டியை எடுத்து நம்பரைப் பார்த்துப் போட்டேன்.

"யாருங்க?"

"நான்தான். அஞ்சாவது ரேடியோ."

"சொல்லுங்கம்மா."

"உறுமுது."

"எதுக்குப் பக்கத்துல வெச்சிருக்கீங்க?" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது, எனக்குத் தெரியாதா. நான் பதில் சொல்வதற்குள் அங்கே யாரோ வந்துவிட்டார்கள். "லைன்லயே இருங்க, வந்துடறேன்" என்று போனை மேசையில் வைத்தார். வைத்த சத்தம் கேட்டது. வரவில்லை.

முக்காலி நகர்ந்தது. யாரோ தங்கள் ரேடியோ கீழே விழுந்த கதையைச் சொன்னார்கள். "தண்ணில விழுந்துச்சா, தரையில விழுந்துச்சா?" என்று கேட்டார். திருகாணி ஒன்று தகரத் தட்டில் விழுந்து உருண்டது. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறாரா தெரியவில்லை. கூப்பிட்டால் எடுத்திருப்பார். நான் ரேடியோவை டிக்கென்று அணைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஐந்து மணிக்குக் காதுக்குள் குட்டிக் குட்டியாக இன்னொரு மணி அடித்தது. மகள். இத்தனை வருடத்தில் அவளுக்கு முதல்முறையாக அம்மாவின் லைன் பிஸி. இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிடுவாள். கூப்பிடட்டும்.

கடையில் யாரோ பெட்டியைத் திறந்து தூசியை ஊதினார்கள். கொஞ்சம் அமைதி. பிறகு ஒரு தும்மல்.

"ஒண்ணு" என்றேன்.