பாஸ்வேர்டு எழுதிய மஞ்சள் சீட்டு

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் என் அறை நான்காவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. கெட்டுப்போனதைச் சுமந்துகொண்டு அத்தனை படி ஏற வேண்டும் என்று யாருக்கென்ன தலையெழுத்து? அதனால் தெருவில் மூன்று கடைகளில் பேசி வைத்திருந்தேன்: சலவைக் கடை, மருந்துக் கடை, என் அக்கா புருஷனின் ஜெராக்ஸ் கடை. ஜனங்கள் அங்கே கொடுத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் நான் போய் எடுத்து வந்து, சரிசெய்து, அங்கேயே திருப்பி வைப்பேன்.

கொடுப்பவர்கள் ஒரு மஞ்சள் சீட்டை நிரப்பி மூடிமேல் ஒட்ட வேண்டும். பெயர், போன் நம்பர், கோளாறு, பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு கேட்டு ஒவ்வொருவருக்கும் போன் போட்டு அலுத்துப்போய் நானே சேர்த்த கட்டம் அது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன் வேறு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு நர்ஸ் கையில் லேப்டாப்போடு மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றாள். புதன்கிழமைதான் அவளுடைய லேப்டாப்பைச் சரிசெய்து ஜெராக்ஸ் கடையில் வைத்திருந்தேன். மூடியைப் பாதி திறந்தால் திரை தெரியும், முழுசாகத் திறந்தால் இருண்டுவிடும். கீலுக்குள் ஒரு வயர் நைந்திருந்தது, அவ்வளவுதான்.

"மறுபடியும் அணையுதா?"

"லேப்டாப் நல்லாத்தான் இருக்கு. நீங்க யார்கிட்ட சொன்னீங்க?"

"என்னத்தை?"

வேறொரு ஆஸ்பத்திரியில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாளாம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் நேர்காணல். வீட்டில்கூட மூச்சு விடவில்லை. ஆனால் புதன்கிழமை சாயங்காலம் தலைமை நர்ஸ் கூப்பிட்டு, "நாளைக்குப் பத்து மணிக்கு உனக்கு வேற எங்கயோ வேலையாமே?" என்று சிரித்துவிட்டு, அந்த நேரத்துக்கு டியூட்டியை மாற்றிப் போட்டுவிட்டாள். ஆறு வருஷமாக அந்த வார்டிலிருந்து யாரையும் அவள் நகரவிட்டதில்லை. பத்து மணிக்கு இவள் ஒரு நோயாளிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "பதினோரு வருஷமா இந்த வேலை பாக்கறேன். ஒருத்தர் ஃபைலைத் தொட்டதில்ல" என்று எகிறினேன். நிரூபிக்கிறேன் பார் என்று லேப்டாப்பை வாங்கி, எந்த ஃபைல் எப்போது திறக்கப்பட்டது என்ற பட்டியலை அவள் முன்னாலேயே எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று ஐம்பதுக்கு அவளுடைய விண்ணப்பம். மூன்று ஐம்பத்திரண்டுக்கு நேர்காணல் கடிதம். அவள் அதை ஜெராக்ஸ் கடையில் கொடுத்தது அன்று காலையில், நான் அங்கிருந்து எடுத்ததே ஆறு மணிக்கு.

பாதி திறந்த மூடிக்குள் தலையைக் குனிந்து குனிந்து படித்திருக்கிறார் என் அத்தான்! அவளை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டுப் படிகளில் தடதடவென்று இறங்கினேன்.

அத்தான் பேப்பர் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் துளிகூட முகம் மாறவில்லை.

"கோளாறு நெஜமான்னு பாத்தேன். உனக்கு வேலை மிச்சமாகட்டும்னுதான்."

"கோளாறு அந்தப் பொண்ணோட விண்ணப்பத்துலயா இருந்துச்சு?"

"கண்ணுல பட்டுச்சு. தலைமை நர்ஸ் டியூட்டி பட்டியல் காப்பி எடுக்க வந்தப்ப, பேச்சுவாக்குல சொன்னேன். நல்ல விஷயம்தானேம்மா?"

"உங்க வாய்க்கு ஒரு பூட்டு கிடையாதா அத்தான்? ஒருத்தி பொழப்புல மண்ணைப் போட்டுட்டு பேச்சுவாக்காம், பேச்சுவாக்கு!"

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "என்னமோ நான் பூட்டை ஒடைச்ச மாதிரி பேசறே? பாஸ்வேர்டை எழுதி மேலேயே ஒட்டிக் கொடுக்கச் சொன்னது யாரு? நானா?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அந்த ஆளின் வாயிலிருந்து போய் ஒரு நியாயம் வந்ததே என்று பற்றிக்கொண்டு வந்தது.

மேலே வந்து நர்ஸிடம் பூசி மெழுகாமல் சொன்னேன். "பாத்தது என் அத்தான். பாக்க வழி பண்ணிக் கொடுத்தது நான்."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "ஏன் வரலேன்னு அந்த ஆஸ்பத்திரில கேட்டு எழுதியிருக்காங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் போடணும். என் லேப்டாப்பைத் திறந்து பாத்துதான் விஷயம் வெளியே போச்சுன்னு, யாரு எங்கேன்னு பேரோட எழுதித் தருவீங்களா? சும்மா நான் சொன்னா நம்ப மாட்டாங்க" என்றாள்.

பேப்பரை எடுப்பதற்குள் போன் அடித்தது. அக்கா. அத்தான் அதற்குள் ஓதிவிட்டார். நர்ஸ் எழுதித் தரச் சொல்வதை நானும் சொன்னேன்.

"குடும்ப மானத்தை எழுத்துல கொடுக்கப் போறியாடி? நாளைக்கு இது வெளியே தெரிஞ்சா ரெண்டு பேர் கடைக்கும் யாரு வருவா? ஏதோ நெட்டுல கோளாறு, அதான் வர முடியலேன்னு எழுதிக் குடுத்து அனுப்பு. உன் அத்தான் இல்லையா?"

"அத்தான்னுதான்க்கா நம்பி அடுத்தவங்க பொருளை அங்க வச்சேன்."

"அப்போ எங்க உறவே வேணாமா உனக்கு?"

என் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவள் அக்கா. ஆனால் அந்தக் கேள்வியை இந்த நேரத்தில் கேட்டாளே என்று ஆத்திரமாக வந்தது. "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

என் கடைப் பேர் போட்ட தாளில், தேதி, மணி எல்லாம் வைத்து எழுதினேன். அத்தான் பேரையும் அவர் கடைப் பேரையும் எழுதினேன். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி ஒட்டச் சொன்னது என் தவறு என்று அதற்கு மேலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் அதைப் போனில் படம் பிடித்து, என் மேஜையிலேயே உட்கார்ந்து பதிலை எழுதி அனுப்பினாள். மணி நாலரை. மறுபடி கூப்பிடுவார்களா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"உங்க நேர்மைக்கு நன்றி" என்றாள். நிஜமாகத்தான் சொன்னாள்.

பிறகு பாஸ்வேர்டை மாற்ற ஆரம்பித்தாள். முதல் எழுத்தை அடிப்பதற்கு முன், லேப்டாப்பை மெல்ல என் பார்வையிலிருந்து திருப்பி வைத்துக்கொண்டாள்.