ஒரு சாண் இடைவெளி

பத்தொன்பது நாள் வெளியூர் வேலையை முடித்துக்கொண்டு மருமகள் வீடு திரும்பியபோது, எட்டாவது மாடி நடைவழியில் மாமனார் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. "நட பாப்போம்" என்றார். பெட்டியை இழுத்துக்கொண்டு அவள் நாலு எட்டு நடந்தாள்.

"ஏதாவது சத்தம் வந்துச்சா?"

"இல்லையே மாமா."

"வராது. அடைச்சாச்சு. உள்ள கான்கிரீட், மேல டைல்ஸ். இங்க மட்டும் இல்ல, எட்டு மாடியிலயும்!"

குனிந்து தரையைப் பார்த்தாள். ஒரு சாண் அகலத்துக்கு இருந்த இரும்புத் தகட்டைக் காணவில்லை. பழைய டைல்ஸோடு கோடு பிசகாமல் புது டைல்ஸ் சேர்ந்திருந்தது. கொத்தனாரின் கையைப் பாராட்டத்தான் வேண்டும், பாராட்டுகிற நிலையில் அவள் இல்லை.

அந்தக் குடியிருப்பு பார்வைக்கு ஒரே கட்டடம். உண்மையில் இரண்டு. இருபத்தோரு மாடி உயரப் பகுதி ஒன்று, அதன் தோளுக்குக் கீழே ஒட்டினாற்போல எட்டு மாடிக் குட்டைப் பகுதி ஒன்று. இரண்டுக்கும் நடுவே தரையிலிருந்து மேல்வரை ஒரு சாண் இடைவெளி. லிஃப்ட் எல்லாம் உயரப் பகுதியில்தான். குட்டைப் பகுதிக்காரர்கள் வெளியே போக வர, ஒவ்வொரு மாடியிலும் அந்த இடைவெளியைத் தாண்டியாக வேண்டும். அதற்காகத்தான் மேலே ஒரு தகடு. ஒரு பக்கம் திருகி, மறு பக்கம் வேண்டுமென்றே திருகாமல் விட்டிருந்தது. கால் பட்டால் 'டங்' என்னும்.

இந்தக் கட்டடத்தின் தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் கணக்குப் போட்ட இன்ஜினியர் அவள்தான். அந்த ஒரு சாணுக்காக, வீடுகளைக் கட்டி விற்றவர்களோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டி வாங்கியிருந்தாள். பிறகு போதாத காலம், உயரப் பகுதியின் எட்டாவது மாடியில் தனக்கே ஒரு வீடு வாங்கி, நடைவழிக்கு அந்தப் பக்கம் குட்டைப் பகுதியில் மாமனார் மாமியாரையும் குடிவைத்தாள்.

மாமனார் பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருடம் மேற்பார்வையாளராக இருந்தவர். குடியிருப்பில் அவர் பெயரே 'டிப்போ'தான். இப்போது குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். தகடு ஆடினாலும் ஜன்னல் ஆடினாலும் அவருக்குத் தூக்கம் வராது. ஸ்பேனரோடு கிளம்பிவிடுவார்.

"மாமா, அது ஆடணும்னுதான் விட்டிருந்தோம்."

"ஆடுற எதையும் நான் டிப்போவை விட்டு வெளிய அனுப்பினதில்லம்மா. லூசா இருந்தா முறுக்கணும். இல்லைனா அடைக்கணும். வேற வைத்தியமே கிடையாது."

"இது பஸ் இல்ல மாமா."

"பஸ்ஸாவது நாப்பது பேர். இதுல அறுநூறு பேர் இருக்கோம்."

அதே அறுநூறு பேருக்காகத்தான் அவளும் பேசினாள். அது அவர் காதில் ஏறினால்தானே!

சங்கக் கூட்டத்தைக் கூட்டினாள். இரண்டு இரும்பு ஸ்கேலைக் கொண்டுபோனாள், ஒன்று நீளம், ஒன்று குட்டை. இரண்டையும் மேஜை விளிம்பில் நெட்டுக்குத்தாக இறுக்கி, மேஜையை உலுக்கிக் காட்டினாள். குட்டை ஸ்கேல் படபடவென்று துடித்தது. நீளமானது சாவகாசமாகப் போய்ப் போய் வந்தது.

"பூகம்பம் வந்தா நம்ம கட்டடமும் இப்படித்தான். உயரமானது ஒரு தடவை போய்ட்டு வர ரெண்டு செகண்டு எடுத்துக்கும். குட்டையானது அதுக்குள்ள ரெண்டு மூணு தடவை ஆடி முடிச்சிடும். ரெண்டுக்கும் தாளம் ஒத்துப்போகாது. அது இந்தப் பக்கம் வர்றப்போ இது அந்தப் பக்கம் வரும். இடிச்சுக்காம இருக்கத்தான் அந்த ஒரு சாண். அதுல கான்கிரீட்டைத் திணிச்சா, ஒண்ணு இன்னொண்ணோட தூணைக் குத்தும்."

எல்லோர் கண்ணும் ஸ்கேல் மேல். புரிந்துவிட்டது என்று அவள் நம்பினாள். பதினேழாவது மாடி பல் டாக்டர் கையைத் தூக்கினார்.

"அப்போ எங்க வீடு அந்தப் பெரிய ஸ்கேல் மாதிரி ஆடுமா?"

"ஆடும் சார். ஆடணும். ஆடினாத்தான் அந்த வேகத்தைக் கட்டடம் தாங்கிச் செலவழிக்கும். விறைச்சுக்கிட்டு நின்னாத்தான் ஆபத்து."

அவ்வளவுதான். கூட்டம் கொதித்தது. ஆடுகிற வீட்டையா எங்கள் தலையில் கட்டினீர்கள் என்று ஒருவர். ஆடாமல் இருக்க இன்னும் நாலு தூண் வைக்க முடியாதா என்று இன்னொருவர். இடைவெளியைப் பற்றி ஒரு ஆள் வாய் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து அவளுக்கு 'ஊஞ்சல்' என்று பெயர் விழுந்தது. லிஃப்டில் சின்னப் பிள்ளைகள்கூட அவளைப் பார்த்து இப்படியும் அப்படியும் அசைந்து காட்டின. கணவனிடம் சொல்லி அழுதாள். அவன் அப்பாவுக்கும் தலையாட்டுவான், அவளுக்கும் தலையாட்டுவான். அந்த வீட்டில் ஒழுங்காக ஆடியது அவன் தலை ஒன்றுதான்.

கடைசியில் அவள் தன் கையிலிருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தாள். அடைத்ததை உடைக்காவிட்டால் கட்டடத்துக்கு நான் கொடுத்த சான்றிதழைத் திரும்பப் பெறுகிறேன் என்று சங்கத்துக்குக் கடிதம் எழுதினாள். சான்றிதழ் போனால் வீட்டை விற்க முடியாது என்று யாரோ சொல்ல, ஒரே நாளில் சம்மதம் வந்தது. பூகம்பத்துக்குப் பயப்படாதவர்கள் அதற்குப் பயந்தார்கள்.

உடைக்க வந்ததும் அடைத்த அதே கொத்தனார்தான். "என் சர்வீஸ்ல இவ்ளோ நறுவிசா நான் எதையும் பூசினதில்ல மேடம். அதையே உடைக்கச் சொல்றீங்களே" என்று புலம்பிக்கொண்டே உடைத்தார். மூன்று நாளில் தரைத்தளத்திலிருந்து ஏழு மாடி முடிந்தது. பழைய தகடுகளைத் திரும்பப் போட்டார்கள். நாலாம் நாள் மிஷினைத் தூக்கிக்கொண்டு எட்டாவதுக்கு வந்தால், டைல்ஸ் மேல் நாற்காலி போட்டு மாமனார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சக்கர நாற்காலியில் மாமியார்.

"ஏழு மாடி உன் இஷ்டம். இதை விடமாட்டேன்" என்றார் மாமனார்.

"மாமா, எதை விட்டாலும் இதை விட முடியாது. கட்டடம் மேல போகப் போகத்தான் ஜாஸ்தி ஆடும். குட்டைப் பகுதிக்கு இதுதான் உச்சி. இங்க மட்டும் அடைச்சு வச்சா மொத்த இடியும் இந்த ஒரே இடத்துல விழும். எட்டையும் அடைச்சு வச்சிருந்ததை விட மோசம்."

"எப்பவோ வரப்போறதுக்கு இப்பவே பயமுறுத்துறியா?"

அவருக்குப் பதில் சொல்ல அவளிடம் வேண்டிய அளவு கோபம் இருந்தது. வார்த்தைகளும் தயாராக இருந்தன. ஆனால் பேசியது மாமியார்.

"ஏம்மா, அந்தத் தகட்டுல என் சக்கரம் மாட்டிக்கும். யாராவது வந்து தூக்கி விடணும். இடுப்பு எலும்பு உடைஞ்சதிலேருந்து நாலு மாசம், உன் வீட்டுக்கு வரணும்னாக்கூட ஆளைக் கூப்பிடணும். இந்த மூணு மாசமாத்தான் நானா கிளம்பி, நானா வர்றேன். யார்கிட்டயும் கெஞ்சாம." கொஞ்சம் நிறுத்தினார். "உன் வேலை எனக்குப் புரியாது. வேணும்னா உடைச்சிக்கோ."

மாமனாருக்கு எதிராக மூன்று மாதம் சண்டை போட்டவளுக்கு இந்த நாலு வரிக்கு எதிராக ஒன்றும் தோன்றவில்லை. மாமியார் சொன்னது நியாயம். அந்தத் தகடு போட்டவளும் அவள்தான். சக்கர நாற்காலியை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சக்கரம் தடுக்காத சரிவுத் தகடு ஒன்று உண்டு. செய்து கொடுக்க ஒரு மாதம் ஆகும். அவள் கொத்தனாரைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"சரி. ஒரு மாசம். புதுத் தகடு வந்த அன்னிக்கே உடைச்சிடணும்."

"அப்படிச் சொல்லு!" என்றார் மாமனார், ஜெயித்த குரலில். அந்தக் குரல் அவளுக்கு எரிச்சலை மூட்டியது. ஆனால் அதைவிட எரிச்சல், சரி என்று சொன்ன தன் வாய் மேல். அன்று இரவு கணக்கு நோட்டை எடுத்து, அந்த ஒரு இடத்தில் எவ்வளவு இடி விழும் என்று போட்டுப் பார்த்தாள். விடை வந்ததும் நோட்டை மூடிவிட்டாள். ஒரு மாதம்தானே! ஐம்பது வருடம் வராதது இந்த ஒரு மாதத்திலா வரப்போகிறது?

இருபத்து மூன்றாம் நாள் மதியம் மூன்றரை மணிக்கு வந்தது.

மாமியார் அப்போதுதான் தானாகவே சக்கரத்தை உருட்டிக்கொண்டு மருமகள் வீட்டுக்கு வந்து, டீ கேட்டிருந்தார். முதலில் லாரி போவது போல ஒரு உறுமல். அலமாரியில் டம்ளர்கள் கிலுகிலுத்தன. பத்து செகண்டு அந்தத் துடிப்பு. பிறகு தரை மெதுவாக ஒரு பக்கம் போனது. நின்றது. திரும்பி வந்தது.

அவள் சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, அதைச் சுவரோரம் தள்ளி, மாமியாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். "ஒண்ணும் ஆகாது அத்தை. கட்டடம் ஆடுது. ஆடட்டும்."

வாளித் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி வழிந்து மறு பக்கம் ஏறியது. கதவுகள் தாமே திறந்து தாமே சாத்திக்கொண்டன. தடுப்புச் சுவரில் காரை விரிசல் விட்டு உதிர்ந்தது. பார்க்கிறவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும், அவளுக்குத் தெரியும் அது வெறும் தடுப்புதான் என்று. போக ஒன்று, வர ஒன்று. எண்ணினாள். சரியாக இரண்டு செகண்டு. தான் காகிதத்தில் போட்ட அதே இரண்டு செகண்டு. அந்தப் பயத்துக்கு நடுவிலும் அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது, பொய் சொல்வானேன்.

அப்போதுதான் நடைவழியிலிருந்து கேட்டது. தொம்.

போய்த் திரும்பியது. தொம். தரை அதிர்ந்தது, பல் கூசியது. அடைத்த இடம்தான் இடிக்கிறது என்று அவளுக்கு உடனே தெரிந்தது. அடுத்ததற்காகக் காத்திருப்பதைத் தவிர செய்ய ஒன்றும் இல்லை. "உடைஞ்சு தொலையேன்" என்று அந்தக் கான்கிரீட்டைப் பார்த்துக் கத்தினாள். நறுவிசாகப் பூசிய கான்கிரீட், லேசில் உடையவில்லை. பதினொரு முறை எண்ணினாள். இரண்டு நிமிடம் கழித்து ஆட்டம் அடங்கியது.

மாமனார் கீழே கடைக்குப் போயிருந்தார், அவருக்கு ஒரு கீறல் இல்லை. அடுத்த வீட்டுக்காரர்கள் மாமியாரை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். அவள் மட்டும் நடைவழியில் நின்றாள். ஏழு மாடியிலும் தகடு வளைந்து, பெயிண்ட் உரிந்து, அதோடு சரி. எட்டாவதில் டைல்ஸ் கூரை போல எழும்பிக் கிடந்தது. அதற்கு நேராக உயரப் பகுதியின் தூண். மேல் பூச்சு கொட்டி, நடுவில் பெருக்கல் குறி போல விரிசல் ஓடி, உள்ளே கம்பிகள் வெளியே பிதுங்கியிருந்தன. அந்தத் தூணின் தலைமேல் இன்னும் பதின்மூன்று மாடி நின்றது.

மறுநாள் காலை நகர அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கி, வாசலில் சிவப்புத் தாளை ஒட்டினார். யாரும் உள்ளே போகக்கூடாது. துணி எடுக்கவும் கூடாது. வீடு எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதைச் சொல்ல முடியாது. வாகனம் நிறுத்துமிடத்தில் பாயும் பையுமாக உட்கார்ந்திருந்த குடும்பங்கள் எழுந்து அவரைச் சூழ்ந்துகொண்டன.

"அந்த இடைவெளியை அடைச்சது யாரு?" என்றார் ஆய்வாளர், கையில் படிவத்தோடு.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். டிப்போதான் சார். அந்த ஆளுதான். எங்களை யாரைக் கேட்டு அடைச்சாரு? கூட்டத்தில் ஆடுகிற வீடா என்று கொதித்த அதே வாய்கள். பல் டாக்டர் மாமனாரின் சட்டையைப் பிடிக்கப் போனார். மாமனார் ஒதுங்கவில்லை. ஒரே நாளில் ஆள் பாதியாகியிருந்தார்.

"நான்தான் சார். என் பேரை எழுதிக்கோங்க."

இந்த மனிதரை நாலு பேர் நிற்கவைத்துக் கேட்க வேண்டும் என்று அவள் மூன்று மாதம் ஏங்கியிருந்தாள். இப்போது நானூறு பேர் கேட்டார்கள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமனார் பக்கத்தில் போய் நின்றாள்.

ஆய்வாளர் எழுதப் போனவர், நிமிர்ந்தார். "மத்த ஏழு மாடியில உடைச்சு எடுத்திருக்கீங்களே. எட்டாவதை மட்டும் ஏன் விட்டீங்க?"

"அதுவும் நான்தான். நான்தான் உடைக்க விடல" என்றார் மாமனார் அவசரமாக.

"இல்ல சார்" என்றாள் மருமகள்.

"நீ சும்மா இரும்மா."

"அவருக்கு அது என்னன்னு தெரியாது சார். எனக்குத் தெரியும். அந்த ஒரு இடத்துல எவ்வளவு இடி விழும்னு கணக்குப் போட்டுப் பாத்துட்டு, ஒரு மாசம் இருக்கட்டும்னு விட்டது நான். இந்தக் கட்டடத்துக்கு இன்ஜினியர் நான்தான்."

கணவன் அவளை நோக்கி ஓரடி வைத்து நின்றுவிட்டான். மாமியார் சக்கர நாற்காலியில் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆய்வாளர் பேனாவை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவருக்கும் இது பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா மேடம்? இதை எழுதினா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும். எழுதுங்க."

"அப்போ உங்க லைசென்ஸ் நம்பரைச் சொல்லுங்க."

பதினாறு வருடமாக ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் எழுதி வந்த நம்பர். ஒவ்வொரு எண்ணாக, அவர் எழுதி முடிக்கக் காத்திருந்து காத்திருந்து, நிதானமாகச் சொன்னாள்.